எலிக்குக் கிடைத்த காற்று

நாமக்கல் மாவட்டம் சேந்தமங்கலம் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் படிக்கும் கல்லூரி ஆய்வகங்கள் சிலவற்றை உள்ளே போய்ப் பார்த்திருக்கிறேன். முதலில் ஒரு பாராட்டு. இவ்வளவு கறாரான கணக்கை வங்கியில்கூடப் பார்க்க முடியாது. சில்வர் நைட்ரேட் கிராம் கணக்கில் நிறுத்துத்தான் அலமாரியை விட்டு வெளியே வரும். காய்ச்சி வடித்த நீர் கேனில் எத்தனை அங்குலம் இறங்கியது என்பது அட்டெண்டருக்குத் தெரியும். ஒரு ப்யூரெட்டின் நுனி மூக்கு உடைந்தால் அன்று மாலைக்குள் பிரேக்கேஜ் நோட்டில் பெயர் ஏறிவிடும். அந்தக் காசைக் கட்டாமல் செமஸ்டர் ஹால் டிக்கெட் கைக்கு வராது. தணிக்கைக்கு வருகிறவர் ஸ்டாக் ரிஜிஸ்டரைத் திறந்தால் 1980களில் வாங்கிய பாட்டில்கூட வரிசை எண்ணோடு நிற்கும்.

அந்த ரிஜிஸ்டரில் ஒரே ஒரு பத்தி கிடையாது. பாட்டிலிலிருந்து குறைந்த திரவத்தில் எவ்வளவு குடுவைக்குப் போனது, எவ்வளவு பிள்ளைகளின் மூச்சுக்குப் போனது என்ற பத்தி. இரண்டும் சேர்ந்து ‘செலவு’ என்ற ஒரே தலைப்பில் முடிந்துவிடுகிறது. வரவு செலவு நேர்.

அந்தப் பிள்ளைகள் யார் என்பதையும் சொல்லவேண்டும். காலையில் காரவள்ளியிலிருந்தும் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்தும் பஸ் பிடித்து வருகிறவர்கள். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கி வந்து விடுதியில் தங்கிப் படிக்கிற மலையாளி பழங்குடிக் குடும்பத்துப் பெண்கள். பல வீடுகளில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவர்கள்தான். வெள்ளைக் கோட்டு மாட்டிய மகளின் போட்டோ வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும். அந்தப் பெற்றோரின் நம்பிக்கைதான் நம் உயர்கல்வியின் பெரிய சொத்து. அவர்கள் எதையும் கேட்பதில்லை. கேட்காத பெற்றோர் கிடைத்ததில் நம் நிறுவனங்கள் பாக்கியம் செய்தவை.

மாணவர்களின் கைத்திறனையும் புகழ வேண்டும். பிப்பெட்டை வாயில் வைத்து உறிஞ்சி, அமிலம் கோட்டைத் தாண்டி நாக்கைத் தொடுவதற்கு ஒரு நூலிழை முன்னால் விரலால் அடைத்து நிறுத்துகிற லாகவம் லேசில் வருவதில்லை. அதை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த ஆசிரியரும் தம் ஆசிரியரிடம் அப்படியே கற்றவர். வழிவழியாக வருகிற வித்தை. உறிஞ்சுவதற்கென்று ரப்பர் பல்பு என்று ஒன்று உண்டு. பெரிய விலையில்லை. பல இடங்களில் அதுவும் வாங்கி வைத்திருக்கிறார்கள். மூன்று மணி நேரச் செய்முறைத் தேர்வில் பல்போடு மல்லுக்கட்ட நேரமில்லை என்பதால் அது பெட்டியிலேயே புதிதாக இருக்கிறது. ஆக்ஸாலிக் அமிலமும் பொட்டாசியம் டைகுரோமேட்டும் பிள்ளைகளின் உதடு வரை வந்து திரும்பிப் போகின்றன. பெரும்பாலும் திரும்பிப் போய்விடுகின்றன.

சால்ட் அனாலிசிஸ் நடக்கும் நாள் இன்னும் விசேஷம். கிப்ஸ் கருவியைத் திறந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும். முட்டைக்குப் பேர்போன மாவட்டத்தில் அழுகிய முட்டை நாற்றத்தை யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லாதபோதே மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் நூறு பங்கை எட்டும்போது சில நிமிடங்களில் மூக்கு மரத்துப் போகிறது. நாற்றம் நின்றுவிட்டது போலிருக்கும், வாயு இருந்துகொண்டேயிருக்கும். ஐந்நூறைத் தாண்டினால் ஆள் சுருண்டு விழுவார். கல்லூரி ஆய்வகத்தில் அந்த அளவுக்கு எப்போதும் போகிறது என்று நான் சொல்லவில்லை. எந்த அளவுக்குப் போகிறது என்று ஒருவரும் அளந்ததில்லை. ஆய்வகத்தின் ஒரே வாயு அளவி மாணவர்களின் மூக்கு, அதுவும் சம்பளமில்லாமல் வேலை பார்க்கிறது.

மூக்கைப் பற்றி ஒரு லேப் அட்டெண்டர் சொன்னதைக் கேளுங்கள். கல்லூரியின் பெயர் வேண்டாம், அவர் பெயரும் வேண்டாம். இருபது வருடத்துக்கு மேல் ஒரே அறையில் வேலை. குரோமிக் அமிலக் கலவையில் கண்ணாடிச் சாமான் கழுவுவது அவர் பொறுப்பு. டைகுரோமேட்டை அடர் கந்தக அமிலத்தில் கரைத்த ஆரஞ்சு நிறக் கலவை அது. அதிலிருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் வகுப்பில் வைத்த பொருள். அவர் நகக்கண்களில் பழுப்பு ஏறியிருந்தது. விரல் இடுக்கில் ஆறாத சிறு புண்.

“ஏங்கண்ணா, இந்த நெடிக்குத் தலை வலிக்காதா?” என்று கேட்டேன்.

“ஆரம்பத்துல வலிச்சுதுங்க. இப்ப நெடியே தெரியறதில்லீங்க. லீவுல பத்து நாள் ஊட்ல இருந்துட்டு வந்தா மொத நாள் தெரியும். மூணாம் நாள் போயிருமுங்க.”

“கையுறை குடுக்கறதில்லையா?”

“குடுப்பாங்க. போட்டா பாட்டில் வழுக்குதுங்க தம்பி. ஒண்ணு உடைஞ்சா யாரு கட்டறது?”

அவரைப் புகழாமல் யாரைப் புகழ்வது? கண்ணாடி உடையக்கூடாது என்று தன் கைத்தோலைக் கொடுக்கிற ஊழியர் எந்த நிறுவனத்துக்குக் கிடைப்பார்? மாணவர்கள் மூன்று வருடம், மிஞ்சினால் ஐந்து வருடம் இருந்துவிட்டுப் போய்விடுவார்கள். பேராசிரியருக்கு வகுப்பறை உண்டு, தனி அறை உண்டு. காலை முதல் மாலை வரை, வருடம் முழுக்க, அந்தக் காற்றுக்குள்ளேயே இருப்பவர் அட்டெண்டர்தான். ரசாயன ஆபத்தைக் கணக்கிடும் எந்த முறையை எடுத்தாலும் முதல் கேள்வி ‘யார், எவ்வளவு நேரம்’ என்பதுதான். அந்தக் கணக்கில் முதல் பெயர் அவருடையதாக இருக்கும். சம்பளப் பட்டியலில் கடைசிப் பெயராக இருப்பதால் அவரை யாரும் கவனிக்கவில்லை போலும்.

விலங்கியல் பக்கம் போனால் ஃபார்மலின். இதில் நாமக்கல்காரர்கள் உலகுக்கே பாடம் நடத்தலாம். கோழிப் பண்ணையிலும் குஞ்சு பொரிப்பகத்திலும் புகைமூட்டம் போடுவது இங்கே அன்றாட வேலை. பொட்டாசியம் பெர்மாங்கனேட் மேல் ஃபார்மலினை ஊற்றுவார்கள். ஊற்றிய அடுத்த நொடி ஆள் வெளியே. கதவை இழுத்துச் சாத்தி, இடுக்கெல்லாம் அடைத்து, ஒரு நாள் கழித்துத்தான் திறப்பார்கள். எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டுப் பண்ணைக்கு வேலைக்குப் போன பையனுக்கு இது தெரியும். பட்டமேற்படிப்பு படிக்கிற அவன் அக்கா, விலங்கியல் மியூசியத்தில் ஜாடிகளுக்கு ஃபார்மலின் மாற்றும்போது ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளேயே இருக்கிறாள். திறந்தால் நெடி வராண்டாவுக்குப் போய்த் துறைத்தலைவர் அறைக்கு வந்துவிடுமாம். ஃபார்மால்டிஹைடை 2004-ல் அதே புற்றுநோய் முகமை முதல் வகுப்புக்கு மாற்றியது. பண்ணையில் கோழிக்குஞ்சு வருவதற்கு முன் அந்தக் காற்றை வெளியேற்றுகிறார்கள். கல்லூரியில் அந்தக் காற்றுக்குள் மகளை உட்காரவைத்து வருகைப் பதிவு எடுக்கிறோம்.

ஆராய்ச்சி என்று வந்தால் கொல்லிமலையை விட்டுப் பேச முடியாது. இந்த மலையின் ஒவ்வொரு வேரும் இலையும் யாரோ ஒருவரின் ஆய்வேட்டில் ஏறியிருக்கிறது. முடவாட்டுக்கால் கிழங்கையே எடுத்துக்கொள்வோம். பாறையிலும் மரத்திலும் தொற்றி வளரும் ஒரு பெரணியின் கிழங்கு. மேலே பழுப்பு ரோமம் மூடி ஆட்டுக்கால் போலிருக்கும். மூட்டு வலிக்கும் கால் வலிக்கும் மலைமக்கள் இதைச் சீவி, மிளகும் சீரகமும் தட்டிப்போட்டு, தண்ணீரில் கொதிக்கவைத்துச் சூப்பாகக் குடிக்கிறார்கள். மலைப்பாதையில் கடை போட்டு விற்கிறார்கள், நாமும் இறங்கிக் குடித்திருக்கிறோம்.

தண்ணீரில் வெந்த சூப்பு பாட்டி வைத்தியம். ஹெக்ஸேனில் வெந்தால்தான் அது விஞ்ஞானம். மாணவி கிழங்கை உலர்த்திப் பொடித்து சாக்ஸ்லெட் கருவியில் கட்டுகிறாள். முதலில் ஹெக்ஸேன், பிறகு குளோரோஃபார்ம், பிறகு எத்தில் அசிட்டேட், கடைசியில் மெத்தனால். ஒவ்வொன்றும் மணிக்கணக்கில் ஓடும். சாறு இறங்கியதும் கரைப்பானை வற்றவைக்க வேண்டும். கரைப்பானை மறுபடி பிடித்துச் சேகரிக்கும் ரோட்டரி எவாப்பரேட்டர் விலை கூடிய கருவி, வரிசையில் நிற்க வேண்டும். எனவே திறந்த பீக்கரை வாட்டர் பாத் மேல் வைத்து, வற்றும்வரை பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ரெக்கார்ட் எழுதுகிறாள். அந்தப் பொறுமையைப் பாருங்கள். பெற்ற பிள்ளைக்குப் பால் காய்ச்சுகிறவர்கூட அவ்வளவு நேரம் அடுப்பை விட்டு நகராமல் இருக்கமாட்டார்.

ஹெக்ஸேன் என்ன செய்யும் என்பது புதிய செய்தியல்ல. 1960களில் ஜப்பானில் பசை தடவிச் செருப்பு ஒட்டிய தொழிலாளர்களுக்குக் கால் விரல் மரத்து, பாதம் தொங்கி, நடக்க முடியாமல் போனபோது மருத்துவர்கள் தேடிப்பார்த்ததில் பசையிலிருந்த ஹெக்ஸேன் அகப்பட்டது. உடலுக்குள் போன ஹெக்ஸேன் வேறொரு பொருளாக மாறி நரம்பின் நீண்ட இழைகளை, அதாவது காலுக்குப் போகும் இழைகளை, முதலில் தாக்குகிறது. கால் வலிக்கான கிழங்கைக் காலை மரக்கவைக்கும் திரவத்தில் கொதிக்கவைத்து ஆராய்கிறோம். கிழங்கின் நற்குணத்துக்குப் பத்துப் பக்கம் ஒதுக்குகிற ஆய்வேட்டில், அதைக் கொதிக்கவைத்தவள் எவ்வளவு சுவாசித்தாள் என்பதற்கு ஒரு வரி கிடையாது.

குளோரோஃபார்ம் மணம் இனிப்பாக இருக்கும். கொல்லிமலையில் ஒரு பாவை உண்டென்று நம் முன்னோர் சொன்னார்கள். சிரித்து மயக்கி அருகே வரவைத்து உயிரை எடுத்துவிடும் பாவை. அந்தப் பாவையைத் தேடி மலை ஏற வேண்டாம், பழுப்பு பாட்டிலில் அடைத்து அலமாரியில் வைத்திருக்கிறோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து மீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலம், நான்கு மீட்டர் உயரம் உள்ள ஆய்வகம். கொள்ளளவு 240 கன மீட்டர், அதாவது 2,40,000 லிட்டர் காற்று. அதில் 200 மில்லி குளோரோஃபார்மைத் திறந்த பீக்கரில் முழுக்க வற்றவைத்தால் எடை சுமார் 298 கிராம், ஆவியாக விரிந்தால் சுமார் 61 லிட்டர். அறை மூடியிருந்து எல்லாம் உள்ளேயே கலந்தால் பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ 250 பங்கு. எட்டு மணி நேர வேலைக்குச் சராசரியாக 10 பங்குக்கு மேல் வேண்டாம் என்பது தொழில் நலத்துறையில் பரவலாக ஏற்ற வரம்பு. இருபத்தைந்து மடங்கு. ஜன்னல் திறந்திருந்தால் குறையும், எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால் இன்னும் குறையும். பீக்கருக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பவளுக்கு மட்டும் சராசரியைவிடக் கூடும். எவ்வளவு குறைகிறது, எவ்வளவு கூடுகிறது என்று அளந்து எழுதுவதற்குப் பெயர்தான் ரசாயன உடல்நல ஆபத்து மதிப்பீடு. பிளஸ் டூ வேதியியல் படித்தவர் அரைப் பக்கத்தில் போடும் கணக்கு. அணு எடையைப் பல தசமத்துக்குச் சொல்லித்தருகிற ஆசிரியர்கள் இந்தக் கணக்கை மாணவர் முன்னால் போடாதது அவர்களுடைய தன்னடக்கம்.

சாறு தயாரான பிறகு எலிக்குப் போகும். நம் மாவட்டத்தில் ஃபார்மசி கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை, விலங்குக் கூடங்களும் இருக்கின்றன. இங்கே நான் பாராட்டுவதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு அமைத்த குழு ஒன்று இந்தக் கூடங்களைக் கண்காணிக்கிறது. 1998-ல் விதிகள் வந்தன. ஓர் எலியைத் தொடுவதற்கு முன்னால் நெறிமுறைக் குழு கூட வேண்டும். அதில் வெளிநிறுவன விஞ்ஞானி ஒருவர், விஞ்ஞானி அல்லாத சமூக அக்கறையாளர் ஒருவர், அரசுக் குழுவின் பிரதிநிதி ஒருவர் இருக்க வேண்டும். எத்தனை எலி, ஏன் அத்தனை, வலி வருமா, வலியைக் குறைக்க என்ன வழி என்று எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வோர் எலிக்கும் எண், எடை, தினக் குறிப்பு. எலி இருக்கும் அறையின் வெப்பம் 18-லிருந்து 29 டிகிரிக்குள், ஈரப்பதம் 30-லிருந்து 70 சதவீதத்துக்குள், அறைக்காற்று மணிக்குப் பன்னிரண்டிலிருந்து பதினைந்து முறை மாற வேண்டும் என்று வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன.

எலிக்கு இதெல்லாம் வேண்டும். ஒரு வாயில்லா ஜீவனுக்காக இவ்வளவு யோசித்த நாட்டில் பிறந்ததில் எனக்குப் பெருமைதான். அடுத்த அறையில் அதே கிழங்குச் சாற்றை வற்றவைக்கிறவளுக்கு எண் இல்லை, எடை இல்லை, தினக் குறிப்பு இல்லை. அவளுடைய அறைக் காற்று மணிக்கு எத்தனை முறை மாறுகிறது என்று கேட்க எந்தக் குழுவும் கூடவில்லை. அவளுக்கு வாய் இருக்கிறது, அவளே கேட்டுக்கொள்வாள் என்று நினைத்திருப்பார்கள். இன்டர்னல் மார்க் கையில் இருக்கும்வரை எந்தப் பெண் கேட்பாள்?

இந்த மலையில் வாழ்ந்தவர்களாகச் சொல்லப்படும் சித்தர்களைவிட நாம் தைரியசாலிகள். சித்த மருத்துவத்தில் பாஷாணங்கள் அறுபத்து நான்கு என்பார்கள். பாதரசமும் கந்தகமும் கையாண்டவர்கள்தான். ஆனால் சுத்தி செய்யாமல் எதையும் மருந்தில் சேர்ப்பதில்லை. எந்தச் சரக்குக்கு என்ன சுத்தி, அதைத் தின்பவருக்கு என்ன பத்தியம், கெடுதல் வந்தால் எது முறிவு என்று சரக்கோடு சேர்த்தே சொல்லிவைத்தார்கள். இன்று ரசாயன பாட்டிலோடு பதினாறு தலைப்புள்ள பாதுகாப்புத் தாள் ஒன்று கம்பெனியே தருகிறது. எந்த வழியாக உடலுக்குள் போகும், எந்த உறுப்பைத் தாக்கும், பட்டால் என்ன செய்வது, எந்தக் கையுறை தாங்கும், மிச்சத்தை எங்கே கொட்டக்கூடாது என்று எல்லாம் அதில் இருக்கிறது. இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. அந்தத் தாளைப் பில்லோடு சேர்த்துப் பின் அடித்து அக்கவுண்ட்ஸ் பிரிவில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

கையுறை என்றதும் ஒருவர் நினைவுக்கு வருகிறார். கேரன் வெட்டர்ஹான், அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். நச்சு உலோகங்களைப் பற்றியே ஆராய்ந்தவர். 1996 ஆகஸ்டில் டைமெத்தில் மெர்குரி ஒன்றிரண்டு துளி அவர் கையுறை மேல் சிந்தியது. ஃப்யூம் ஹுட்டுக்குள்தான் வேலை செய்தார், லேடெக்ஸ் கையுறை போட்டிருந்தார், விதிப்படி எல்லாம் சரி. சில மாதம் கழித்து நடை தடுமாறியது, பேச்சு குழறியது, பார்வை சுருங்கியது. 1997 ஜூன் 8 அன்று இறந்துபோனார். பிறகு சோதித்ததில் அந்தத் திரவம் லேடெக்ஸ் கையுறையைப் பதினைந்து விநாடிக்குள் ஊடுருவுகிறது என்று தெரிந்தது. எந்த ரசாயனத்துக்கு எந்தக் கையுறை என்று முன்கூட்டிப் பார்ப்பது மதிப்பீட்டின் ஒரு பகுதி என்பதை உலகம் அப்படிக் கற்றது. நம் ஆய்வகங்களில் ஒரே பெட்டி ஆஸ்பத்திரிக் கையுறை அமிலத்துக்கும் பென்சீனுக்கும் ஃபார்மலினுக்கும் பொதுவாக இருக்கிறது. சமத்துவம் பேணுகிறோம்.

தற்காப்புச் சாதனங்களை நாம் போற்றுவதில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆயுத பூஜையன்று போய்ப் பார்க்கவேண்டும். ஃப்யூம் ஹுட் கண்ணாடியில் சந்தனப் பொட்டு, தீயணைப்பானுக்குச் செவ்வந்தி மாலை, முதலுதவிப் பெட்டிக்குக் குங்குமம். கண் கழுவும் குழாய் மேல் பாலித்தீன் உறைகூடப் பிரிக்காமல் பளபளவென்று இருக்கும். தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்த அவ்வைப் பாட்டி என்ன மனநிலையில் பாராட்டினாளோ அதே மனநிலையில் நானும் பாராட்டினேன். ஒரு ஃப்யூம் ஹுட்டுக்குள் விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் காற்று உள்ளே போக வேண்டும். நான் பார்த்த ஒன்றில் மெல்லிய டிஷ்யூ காகிதத்தைப் பிடித்துப் பார்த்தேன். ஆடவில்லை. மோட்டார் எரிந்து சில வருடம் ஆகிறதாம். உள்ளே பாட்டில்களை அடுக்கி அலமாரியாக வைத்திருந்தார்கள். இட நெருக்கடி உள்ள கட்டடத்தில் ஓர் அங்குலமும் வீணாகவில்லை.

சட்டம் இல்லையா என்றால் இருக்கிறது. 1984-ல் போபால் விஷவாயுக் கசிவு நடந்தது. 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தினார்கள். வேலை செய்யும் இடத்தின் காற்றில் எந்த ரசாயனம் எவ்வளவு வரை இருக்கலாம் என்று அட்டவணை போட்டு, அதைச் சட்டத்தோடு சேர்த்தார்கள். ஆனால் அந்தச் சட்டம் உற்பத்தி நடக்கும் தொழிற்சாலைக்கு என்றே எழுதப்பட்டது. கல்லூரியில் உற்பத்தியாவது பட்டதாரிகள் மட்டும் என்பதால் அங்கே காற்றுக்கு அது வரம்பு வைக்கவில்லை. சட்டத்தை இவ்வளவு நுணுக்கமாக வாசித்து விலகி நிற்கிற நிறுவனங்களுக்கு நல்ல வக்கீல்கள் இருக்க வேண்டும்.

நம் உறவினர்கள் வாழும் மலேசியாவில் பல்கலைக்கழகமும் வேலை செய்யும் இடம்தான். அங்கே 1994-ன் தொழில் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2000-ல் தனி விதிகள் வந்தன. உடல்நலத்துக்குக் கேடான ரசாயனத்தைப் பயன்படுத்துமுன் பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் வந்து எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும். வேலைமுறை மாறினால் மறுபடி, மாறாவிட்டாலும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மறுபடி. அமெரிக்காவில் 1990 முதல் ஆய்வகங்களுக்கென்றே தனி விதி இருக்கிறது. ஊழியர் என்னென்ன சுவாசித்தார் என்ற பதிவை முப்பது வருடம் வைத்திருக்க வேண்டும். ஏனென்றால் புற்றுநோய் வர அவ்வளவு காலம் ஆகலாம். இருபதில் மூச்சில் ஏறியது ஐம்பதில் தெரியும்போது, எங்கே ஏறியது என்று சொல்ல ஒரு காகிதம் வேண்டுமல்லவா? நம்மிடம் அந்தத் தொல்லை இல்லை. ஐம்பதில் வருவது விதி என்று குடும்பத்தார் ஏற்றுக்கொள்வார்கள்.

சட்டம் இருந்த இடத்திலும் உயிர் போயிருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். 2008 டிசம்பர் 29 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஷெரி சாங்ஜி என்ற 23 வயது ஆராய்ச்சி உதவியாளர் மேல் காற்றுப்பட்டால் தீப்பிடிக்கும் ரசாயனம் சிந்தியது. கோட்டு போட்டிருக்கவில்லை. 18 நாள் கழித்து இறந்தார். அங்கே பேராசிரியர் மேலும் பல்கலைக்கழக நிர்வாகத்தின் மேலும் குற்ற வழக்கு பாய்ந்தது. சரியாக ஒரு வருடம் கழித்து, 2009 டிசம்பர் 29 அன்று, மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் வேதியியல் ஆய்வகத்தில் தீ பிடித்து இரண்டு இளம் ஆராய்ச்சி மாணவர்கள் கருகினார்கள். 2018 டிசம்பரில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் வாயு சிலிண்டர் வெடித்து ஓர் ஆராய்ச்சியாளர் இறந்தார். வெடித்தால் பத்திரிகையில் வரும், விசாரணைக் கமிஷன் வரும். மெதுவாக மூச்சில் ஏறுவதற்கு அந்த விளம்பரம் கிடையாது.

மிச்சமாகும் பழைய சரக்கை அப்புறப்படுத்துவதிலும் நம் உயர்கல்வி பெயர் வாங்கியிருக்கிறது. டில்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் ஒரு காமா கதிர்வீச்சுக் கருவி இருந்தது. 1985-க்குப் பிறகு யாரும் தொடவில்லை. 2010 பிப்ரவரியில் ஏலம் விட்டார்கள். இடமும் காலியானது, ஸ்டாக் ரிஜிஸ்டரிலும் ஒரு வரி அடிபட்டது. உள்ளே கோபால்ட்-60 இருந்தது என்பது மாயாபுரிக் காயலான் கடையில் அதை உடைத்த தொழிலாளிகளின் தோல் கருத்து, முடி உதிர்ந்த பிறகுதான் ஏப்ரலில் தெரிந்தது. ஒருவர் இறந்தார். பலர் கதிர்வீச்சில் வெந்தார்கள். அந்தக் கருவி என்ன, யாரைத் தொடும், எப்படித் தொடும் என்று ஒரு பக்கம் எழுதிவைத்திருந்தால் ஏலச் சீட்டில் அது சேர்ந்திருக்காது. நம் பக்கத்து ஆய்வகங்களில் கோபால்ட் இல்லை. உலர்ந்துபோன பிக்ரிக் அமிலம் இருக்கலாம், அசைத்தால் வெடிக்கும். பல வருடம் திறந்து மூடிய ஈதர் இருக்கலாம், அதுவும் வெடிக்கும். லேபிள் உரிந்த பாட்டில்கள் நிச்சயம் இருக்கின்றன. நான் பார்த்தேன்.

இவ்வளவும் சொன்னதால் ஆய்வகத்தை மூடச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மலையிறங்கி வந்த பெண் சாக்ஸ்லெட்டையும் ப்யூரெட்டையும் தொடத்தான் வேண்டும். அதற்குத்தான் வந்தாள். அவளுக்கு நோய் வரும் என்றும் நான் சொல்லவில்லை. வாரத்தில் சில மணி நேரம் வேலை செய்கிற மாணவிக்கு வராமலும் போகலாம். இருபது வருடம் நிற்கும் அட்டெண்டருக்கும், கருவுற்ற நிலையிலும் செய்முறை வகுப்பு எடுக்கும் ஆசிரியைக்கும் என்ன கணக்கு என்பது வேறு. அந்தக் கணக்கைப் போட முதலில் வேண்டியது பெரிய கருவியுமில்லை, கோடி ரூபாயுமில்லை. என்னென்ன ரசாயனம், யார் கையாள்கிறார், எவ்வளவு, எத்தனை நேரம், மூச்சிலா தோலிலா வாயிலா, தடுக்க என்ன இருக்கிறது, அது வேலை செய்கிறதா என்று ஒரு நோட்டு. பிரேக்கேஜ் நோட்டைப் போல ஒன்று. அதை எழுதியபின் பாதி வேலை தானாக நடக்கும். குரோமிக் அமிலத்துக்குப் பதில் சோப்புக் கரைசல் போதும் என்று தெரியும். திறந்த பீக்கர் ஃப்யூம் ஹுட்டுக்குள் போகும். மோட்டாரைப் பழுது பார்ப்பார்கள்.

சேந்தமங்கலத்திலும் மலைமேலும் பிள்ளைகளைச் சயின்ஸ் குரூப்பில் சேர்த்திருக்கும் பெற்றோர்களே, அரசுக் கல்லூரியாக இருந்தால் ஒரு வெள்ளைத்தாளில் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கல்லூரியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். மூன்று கேள்வி போதும். ஆய்வகத்தில் உள்ள ரசாயனங்களின் பட்டியல் என்ன? அவற்றால் மாணவர்களுக்கும் ஊழியர்களுக்கும் வரக்கூடிய உடல்நல ஆபத்தைக் கடைசியாக எந்தத் தேதியில் மதிப்பிட்டீர்கள்? ஃப்யூம் ஹுட்டின் காற்று வேகத்தைக் கடைசியாக அளந்தது எப்போது? தனியார் கல்லூரி என்றால் இதே மூன்றையும் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள். அரசுக் கல்லூரிக்கு எழுதிய மனுவுக்கு முப்பது நாளில் பதில் வர வேண்டும் என்பது சட்டம். பதிலில் தேதி இல்லாவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள்.